சீல் போட்ட பை

என் மகளுக்காக நான் வைத்திருந்த பைகள் மொத்தம் நான்கு. கடையில் வாங்கியது ஒன்று, நான் சொல்லிச் சொல்லித் தைக்க வைத்தது மூன்று. நாலாவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு சுத்தமான பையை இந்தத் தூத்துக்குடியில் வேறு எந்தத் தாயும் தோளில் மாட்டியிருக்க மாட்டாள். அந்தப் பையோடு பிள்ளை போய்வந்த பத்தாவது நாளில்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினோம்.

அவளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிப் பெட்டிகளுக்குப் பேப்பர் போடுகிற வேலை. பெட்டி என்றால் இங்கே கன்டெய்னர். எந்தப் பெட்டிக்குள் என்ன சரக்கு, எத்தனை மூட்டை, கதவில் மாட்டிய சீல் நம்பர் என்ன என்று எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் பெட்டி துறைமுக கேட்டிலேயே நின்றுவிடும். லாரி டிரைவர் முதல் முதலாளி வரை அத்தனை பேரும் போனில் என்னைத்தான் பிடிப்பார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். பிரசவ லீவில் இருந்தபோது அடுக்களை டப்பாக்களை எத்தனை முறை இடம் மாற்றி அடுக்கினேன் என்று என் கணவரைக் கேட்டால் சொல்லுவார். "ஏளா, இந்த வீட்டுல சீரகத்தத் தேடவே ஒரு ஆளு போடணும் போல" என்பார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் வேலை, வீட்டில் இருக்கும் நேரம் பாதி தூக்கத்தில் போய்விடும்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆபீசுக்குப் போகிற வழியிலேயே ஆள் கிடைத்தாள். கடலோரத் தெருவில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். புருஷன் விசைப்படகில் போகிறவர். இவள் முன்னறையில் பாய் விரித்து, தெருவில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் நாலைந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் என் மகளை வாங்கி இடுப்பில் வைத்ததும் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள் பிள்ளை. "எப்பா, என்னா பிடி! ஒங்க அப்பா கிரேன்ல தூக்குத மாதிரிலா தூக்குத" என்று அவள் சிரித்தாள். எனக்கும் பிடித்துத்தான் போயிற்று. ஆனாலும் யாரையும் முழுக்க நம்புகிற பழக்கம் என்னிடம் இல்லை. பேப்பர் வேலை செய்கிறவர்களுக்கு அது வந்துவிடும்.

முதல் பை கடையில் வாங்கியது. நீலத்தில் யானைப் படம் போட்டது. வெளியே பார்க்க லட்சணம், உள்ளே ஒரே குகை. பாட்டில், தண்ணீர் பிளாஸ்க், பால்பொடி டப்பா, டயபர், மாற்றுத்துணி, துடைக்கிற துணி எல்லாம் ஒன்றாக விழுந்து கிடக்கும். இரண்டாவது வாரமே ஒரு நாள் சாயங்காலம் திறந்தால், அழுக்குத்துணி சுற்றி வைத்த கவர் கிழிந்து, பாட்டில் நிப்பிள் வரைக்கும் அசிங்கம். எனக்கு வந்த கோபத்தில் யானையைத் தும்பிக்கையோடு குப்பையில் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் மூன்று கட்டைப்பைகளாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. பிள்ளை பார்க்கிறவள் பத்து நாள் வீட்டை அடைத்துவிட்டாள், உறவெல்லாம் வருவார்கள் என்று. நானும் லீவு போட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தால் எப்போதும் தாய்ப்பால்தான், ஆனால் இத்தனை நாளில் பாட்டில் பழக்கம் விட்டுப் போகக்கூடாது என்று பகலில் பாட்டிலே கொடுத்தேன். புதுவருஷம் கழிந்து மறுபடி அவளிடம் விட்ட இரண்டாம் நாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் வாடிப்போய்க் கிடந்தது. இத்தனை நாள் என்னோடு இருந்தபோது ஒன்றுமில்லை, அங்கே விட்டதும் வந்துவிட்டது. வேறு என்ன யோசிக்க? அந்த வீட்டின் பாயையும், அவள் கையையும், என் கட்டைப்பைகளையும் சந்தேகப்பட்டேன். அவள் கையை நான் மாற்ற முடியாது. பையை மாற்றலாம்.

அப்போதுதான் தார்ப்பாய் தைக்கிற அண்ணாச்சியைப் பிடித்தேன். உப்பு லாரிகளுக்கு மூடாக்குத் தைக்கிறவர். எங்கள் ஆபீஸ் பெட்டிகளுக்கும் சில சமயம் அவரிடம்தான் தைக்கக் கொடுப்போம். வேப்பமரத்தடியில் பெரிய மிஷினைப் போட்டுக்கொண்டு, மடி முழுக்கத் தார்ப்பாயைப் பரப்பி உட்கார்ந்திருப்பார். நான் பேப்பரில் வரைந்து கொண்டுபோனதைக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது என்னம்மா, வீட்டு பிளானா?"

"பிள்ளைக்குப் பை அண்ணாச்சி."

"இத்தன ரூமா? பிள்ள இதுக்குள்ளயே குடியிருக்கப் போவுதா?"

கிண்டல் செய்தாலும் வேலையில் கெட்டி. தைத்துக் கொடுத்தார். நல்ல ரப்பர் பூச்சுத் துணி, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, வெளியே வராது. அதுதான் வினை. காற்றும் போகாது. ஈரத்துணி வைத்த அறை மத்தியானத்துக்குள் வெந்து, அந்த வாடை பக்கத்து அறைக்கும் ஏறி, சாயங்காலம் திறந்தால் கண்ணைக் கரித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"லாரிக்கு மூடாக்குத் தச்சுக் குடுத்தா ஆறு மாசத்துக்கு ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான். நீ வாரத்துக்கு மூணு தடவ வாற" என்றார். "சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்காப் பணம்னு சொல்லுவாவ. ஒம் பிள்ளதான் சுண்டக்கா."

"நீங்க தச்சது நாறுது அண்ணாச்சி. அதுக்கு வழி சொல்லுங்க."

வழி சொன்னார். அழுக்கு அறையைப் பையோடு சேர்க்காமல் வெளியே தனியாகத் தொங்கவிட்டு, அடியில் வலைத்துணி போட்டார். உள்துணியைச் சேர்த்துத் தைக்காமல் அழுத்துப் பொத்தான் வைத்துக் கழற்றுகிற மாதிரி செய்தார். உள்துணி வெள்ளைதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கறை பட்டால் கண்ணில் தெரிய வேண்டும். மூலை வேண்டாம் என்றேன், மூலையில் பால்பொடி தங்கும். அடியை வளைத்துத் தைத்தார். ஒட்டுகிற பட்டி வேண்டாம், அதில் முடியும் தூசியும் சேரும். இரும்பு ஜிப் வேண்டாம், எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டு மாதத்தில் ரன்னர் இறுகிவிடும். பிளாஸ்டிக் ஜிப் தேடி நானே நாலு கடை ஏறினேன். அழுக்கு அறைக்குச் சிவப்பு நூல், பாலுக்குப் பச்சை நூல், துணிக்கு நீலம். அதுதான் மூன்றாவது பை.

நடு அறை தண்ணீர் பிளாஸ்குக்கு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிறந்த ஊர் ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில். நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். எங்கள் ஆட்களுக்குப் பணத்திமிர் கிடையாது, தண்ணீர்த் திமிர் உண்டு. எந்த ஊர் போனாலும் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளிப்போம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் அண்ணன் சனிக்கிழமைதோறும் பைக்கில் ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். மணலில் ஊற்றுத் தோண்டிக் கோரிய தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். மாநகராட்சிக் குழாயில் வருவதும் அதே ஆறுதான் என்று என் கணவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். குழாயில் வந்தால் அது எங்களுக்கு ஆறு இல்லை. பாட்டிலையும் நிப்பிளையும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க வைப்பேன். பிள்ளை குடிக்க மட்டும் ஆற்றுத் தண்ணீர். வெள்ளைத்துணியில் வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டில் இறக்கி, பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது பை வந்த பிறகு பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. தை, மாசி, பங்குனி என்று நாள் ஓடியது. தினமும் பிளாஸ்க் போகும், காலியாக வரும். பிள்ளை கன்னம் உப்பி, முட்டிபோட்டு ஓட ஆரம்பித்தது. ஆபீசில் இரண்டு பேர் பையை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் நம்பர் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் நான் போட்ட கோடு பிள்ளையின் வயிற்றைக் காப்பாற்றிவிட்டது என்று திடமாக நம்பினேன்.

ஈஸ்டருக்கு அவள் மறுபடி வீட்டை அடைத்தாள். பெரிய வியாழனிலிருந்து திங்கள் வரைக்கும். ஐந்து நாளும் பிள்ளை என்னோடு, பாட்டிலோடு. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் விட்டேன், புதன்கிழமை வயிற்றுப்போக்கும் வாந்தியும். இந்தத் தடவை கண் குழிந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் இரவு ஷிப்ட் முடித்த சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தார். காலில் சதையே இல்லை.

"இங்க பாரு. ஒன்னயக் கொற சொல்லல" என்றார். "ஆனா இன்னொரு தடவ பிள்ள இப்படிப் படுத்துச்சுன்னா வேலய விட்டுரு. அவ ஒரு வயசு ரெண்டு வயசு ஆவட்டும். பொறவு பாக்கலாம்."

"நீங்க விடுவியளா?"

"நான் விட்டா சோறு?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். மடியில் பிள்ளை துவண்டு கிடந்தது. "சரி" என்று சொல்லிவிட்டேன். என் மேஜை, என் பெட்டி நம்பர்கள், காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் படி ஏறும்போது வருகிற ஒரு நிமிர்வு, எல்லாம் இனி இந்தப் பிள்ளையின் வயிற்றைப் பொறுத்து. இன்னும் ஒரே ஒரு தடவை.

அந்த வாரம் நான் மனுஷியாக இல்லை. ஆபீசில் உட்கார்ந்து பெட்டி நம்பர் அடித்தபடியே பையைத் திரும்பத் திரும்ப மனதில் பிரித்துப் போட்டேன். எங்கே ஓட்டை? பை சரி. பாட்டில் சரி. தண்ணீர், கேட்கவே வேண்டாம். மிச்சம் இருந்தது அவள் கைதான். பிளாஸ்கைத் திறக்கிற கை, பொடியை அளக்கிற கை. அந்தக் கை மீனும் அறுக்கிற கை. அந்த நேரத்தில் கண் முன்னால் கிடந்தது ஒரு சீல். இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் சீல், நம்பர் அச்சடித்தது. வெட்டினால்தான் வரும். எங்கள் தொழிலில் அதற்கு மிஞ்சிய சாட்சி இல்லை. சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தால் பெட்டி சுத்தம். உள்ளே அடைத்தபோது எப்படி அடைத்தார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். பிளாஸ்க் அறையை எடுத்துவிட்டு மூன்று சின்ன அறைகள் கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில், அளந்த தண்ணீரோடு. பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அளந்த பொடியோடு. ஜிப்பின் முனையில் ஓட்டை, அதில் சீல் கோர்க்க.

அண்ணாச்சி இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளைய அவகிட்ட விடுத. பால அவகிட்டருந்து பூட்டி வைக்க. இது என்ன கணக்கும்மா?"

"நீங்க தைங்க அண்ணாச்சி."

தைத்தார். தினமும் காலையில் மூன்று சீல் மாட்டி, நம்பரைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வெட்டிய சீல்களை வாங்கி ஒத்துப் பார்ப்பேன். அவளிடம் சொன்னேன்: "பாலுக்கு நேரமானா சீல வெட்டு, பொடியக் கொட்டு, மூடிக் குலுக்கு, வாயில வை. வேற எதையும் தொடாத." அவள் சீலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் சிறுத்துப்போனது. "சரிக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சீல் வெட்டிக் கிடந்தது, பாட்டில் காலி, பிள்ளை பாயில் அழுதுகொண்டிருந்தது. உள்ளே போனேன். அடுப்பில் ஒரு சட்டி. என் பாட்டில் தண்ணீர் அதற்குள் கிடந்தது.

"என்னளா செய்த?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "பாட்டில்ல அளந்து வச்சத எதுக்கு வெளிய ஊத்துன?"

"ஆறிப்போச்சுக்கா. கொஞ்சம் சூடு காட்டலாம்னு."

"மீன் கொழம்பு வச்ச சட்டியிலயா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உறுத்துகிறது. "அது பால் சட்டிக்கா. பிள்ளைகளுக்குன்னே வச்சிருக்கேன். அதுல வேற எதுவும் வைக்க மாட்டேன்" என்றாள் மெல்ல. நான் கேட்கவா செய்தேன்? சட்டியை இறக்கித் தண்ணீரை அங்கணத்தில் கொட்டினேன். அடுத்த சீலை நானே வெட்டி, நானே குலுக்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, "இனி இப்படிச் செஞ்ச, பிள்ளைய விடமாட்டேன் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஜெயித்த மாதிரி இருந்தது. ஒரு மணிநேரம்கூட அது நிற்கவில்லை. அப்புறம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, ஏன் என்று தெரியாமல்.

மறுநாளிலிருந்து அவள் நான் சொன்னதை அப்படியே செய்தாள். சாயங்காலம் மூன்று சீலையும் ஒரு கவரில் போட்டு நீட்டுவாள். பேச்சு இல்லை. பிள்ளை மூக்குத்தியை இழுத்தால் மட்டும் சிரிப்பாள்.

பத்தாம் நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் பிள்ளை பாலைக் கக்கியது. மத்தியானத்துக்குள் எட்டுத் தடவை போய்விட்டது. அவள்தான் போன் பண்ணினாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பாதி வழி வந்தும்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. கையில், காலில், கடைசியில் தலையில் குத்தினார்கள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. என் கணவர் வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை பிள்ளைக்குத் தெளிவு வந்த பிறகு டாக்டரம்மா என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். சிவப்பு நூலைக் காட்டினேன், பச்சை நூலைக் காட்டினேன், உள்துணியைக் கழற்றிக் காட்டினேன். சீல் நம்பர் சீட்டைக்கூடக் காட்டினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, அந்த நிலைமையிலும் அவர் பாராட்டுவார் என்று பார்த்தேன்.

"பை ரொம்ப நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். பிரிக்காத ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தத் தண்ணிய எவ்வளவு நேரம் கொதிக்க வச்சீங்க?"

"கொதிக்க வைக்கல டாக்டர். லேசா சூடு பண்ணி ஊத்துவேன். இது குழாய்த் தண்ணி இல்ல, எங்க ஆத்துத் தண்ணி. ஊத்துல கோருனது."

"ஆத்துத் தண்ணியா?"

"தாமிரபரணி டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. "உங்க ஊருக்கு மேல அந்த ஆத்தங்கரையில எத்தன ஊரு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் நிஜமாகவே எண்ணத் தொடங்கினேன். ஐந்தாறு ஊர் எண்ணியதும் நிறுத்திவிட்டேன். அந்த ஊர்களின் சாக்கடை எங்கே போகிறது என்று எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததை ஆற்றோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் லேசில் தோற்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் அதையே உருட்டினேன். தண்ணீர்தான் காரணம் என்றால், தை மாதத்திலிருந்து தினமும் அதே தண்ணீர்தானே பிளாஸ்கில் போனது? மூன்று மாதம் ஏன் ஒன்றும் வரவில்லை? ஆற்றுத் தண்ணீர் மூன்று மாதம் அமுதமாக இருந்து அப்புறம் விஷமாகுமா? அந்த வீட்டில் வேறு ஏதோ இருக்கிறது, அதை அவள் மறைக்கிறாள். அப்படி யோசிக்க யோசிக்க எனக்கு மூச்சு சீரானது. ராஜினாமாக் கடிதத்தைப் போனில் அடித்து வைத்திருந்தேன், அனுப்பவில்லை. சொன்ன சொல் சொல்தான், மூன்றாவது தடவை வந்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் அவளை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த கணவரின் அக்காவிடம் அவளை விட்டுவிட்டு, அந்த வீட்டில் கிடந்த மாற்றுத்துணிகளை எடுக்கப் போகிற சாக்கில் போனேன். அவள் வாசலுக்கே ஓடிவந்தாள். "பிள்ள எப்படிக்கா இருக்கா? பால் குடிக்காளா?" என்று கேட்டபடி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், பிள்ளை வந்திருக்கிறதா என்று.

"அவ இருக்கட்டும். நீ சொல்லு. டாக்டர் தண்ணியக் கொற சொல்லுதாங்க. அதே தண்ணிதான மூணு மாசமா இங்க குடிச்சா? அப்ப வராதது இப்ப எப்படி வந்துச்சு? ஒங்கையில என்ன நடந்துச்சு, சொல்லு."

அவள் சேலை முந்தியைத் திருகிக்கொண்டே நின்றாள். அப்புறம், "அப்ப நான் காய்ச்சிக் குடுத்தேன்க்கா" என்றாள்.

"என்னது?"

"நீங்க பிளாஸ்கு குடுத்துட்டுப் போனதும் குசினியில வச்சு நல்லாக் கொதிக்க வச்சு, ஆத்தி, திருப்பி ஊத்தி வச்சுக்கிடுவேன். தெனமும். எங்க வீட்டுல எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சாமப் பிள்ளைகளுக்குக் குடுக்க மாட்டோம். எம் மூத்தவன் அப்படித்தான் போனான். ஏழு மாசத்துல."

அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக என் பிள்ளையை அவளிடம் விடுகிறேன், சீல் நம்பர் எழுதி வைத்தேன், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொத நாளே கேட்டேம்லாக்கா. காய்ச்சுன தண்ணியான்னு. 'எங்க ஆத்துத் தண்ணிய எவளாவது காய்ச்சுவாளா, ஒங்க ஊரு உப்புத் தண்ணின்னு நெனச்சியா'ன்னு சொன்னிய. எதுக்கு ஒங்ககூட மல்லுக்கட்டன்னு, நான் பாட்டுக்குக் காய்ச்சிக்கிட்டேன்."

நான் அப்படிச் சொன்னது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் நான்தான் சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

"பொறவு சீல் போட்டிய. அப்பவும் ரெண்டு நாளு சீல வெட்டிட்டுக் காய்ச்சித்தான் குடுத்தேன். மூணாம் நாளு நீங்க வந்து..." அவள் நிறுத்தினாள். சட்டியை அவள் சொல்லவில்லை. "சொல்லிருக்கணும்க்கா நானு. ஏசுனாலும் ஏசட்டும்னு வாயத் தொறந்து சொல்லிருக்கணும். ஆட்டோல வரும்போது அவ கண்ணு சொருகுது, எனக்கு எம் மூத்தவந்தான் தெரியுதான். இந்த ஏழு நாளும் அந்தப் பச்சத் தண்ணிய நாந்தானக்கா கையால குடுத்தேன்."

அவள் அழுதாள். அழ வேண்டியவள் நான். எனக்குக் கண்ணீர் வரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் பத்து நாள். ஈஸ்டர் ஐந்து நாள். இவள் கதவை அடைத்த நாட்கள். பிள்ளை என் கையில் இருந்த நாட்கள். வரிசையாக வந்து நின்றன. மூன்று மாதம் பை காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. காப்பாற்றியவளை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் கை படாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன், அது புத்தக வார்த்தையாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"திங்கக்கெழம கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன்.

அவள் முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "பிள்ளையக் கொண்டாங்க" என்றாள். "பைய வீட்டுல வச்சிருங்க."

அங்கே உட்கார்ந்தபடியே கணவருக்குப் போன் போட்டேன். "எங்க இருக்க, கடிதாசிய அனுப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் எனக்கு அழுகை உடைந்துவிட்டது.

"வேலைய விடமாட்டேங்க. விட்டா பிள்ள நாள் பூரா எங்கூடலா இருப்பா? இவகிட்ட அவ நல்லாத்தான் இருந்திருக்கா. எங்கிட்டதான் இல்ல."